இருபத்தொன்பதாம் நிகழ்ச்சி: படம் பார்த்தவர் கருத்து

அருமைநாயகத்தின் தொண்டை சரியாக நாற்பத்தோராவது வினாடியில் அடைத்தது. ஒரு தடவை என்றால் தற்செயல் எனலாம். கைப்பேசியில் நேரம் பார்த்து ஒன்பது தடவை சோதித்துவிட்டார். சுடுதண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார், நாற்பத்தொன்று. நடந்துகொண்டே சொன்னார், நாற்பத்தொன்று. வேகமாகச் சொன்னபோது அதே இடம் முப்பத்திரண்டாவது வினாடியில் வந்தது, அங்கேயே அடைத்தது. மண்டூருக்கும் குருமன்வெளிக்கும் இடையே ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான மிதவையை அந்தப் பக்கத்தில் ‘பாதை’ என்பார்கள். அருமைநாயகம் இருபத்தாறு வருடமாகப் பாதையின் எஞ்சினை ஓட்டுகிறவர். ஒரு எஞ்சின் எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்தக் காரணம்தான் பிடிபடவில்லை.

அவர் சொல்ல முயன்றது ஒரு படத்தின் முடிவை. கேட்டுக்கொண்டிருந்தவர் அவருடைய அக்கா அன்னப்பூரணி.

“மறுகா என்னடா நடந்த?” என்று அக்கா அடுத்ததைக் கேட்டார், அரிசி களைந்துகொண்டே.

“மறுகா…” என்றார் அருமைநாயகம். அவ்வளவுதான். எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார்.

“இவன் கதை சொல்லுறதுக்குள்ள மூணாவது பாகம் வந்திரும்” என்றார் அக்கா அரிசியிடம்.

படத்தின் பெயர் ‘மேகத் திருக்கை’, இரண்டாம் பாகம். தமிழில் குரல் கொடுத்த கார்ட்டூன் படம். முதலாம் பாகத்தில், வெள்ளத்தில் மூழ்கப்போன ஒரு கிராமத்தைப் பென்னம்பெரிய திருக்கை மீன் ஒன்று முதுகில் தூக்கிக்கொண்டு வானத்துக்குப் பறக்கும். அத்தோடு படம் முடியும். எல்லோரும் கைதட்டுவார்கள். இரண்டாம் பாகம் அதற்கு நூறு வருடம் கழித்துத் தொடங்குகிறது. முதுகில் இருந்த பத்து வீடு இப்போது நானூறு வீடு. பள்ளிக்கூடம், சந்தை, கோயில். திருக்கை இன்னும் பறந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரு முழம் தாழ்ந்து பறக்கிறது.

இந்தப் பாகம் முதலாவதைவிட நல்லது என்பது அருமைநாயகத்தின் கருத்து. வெறும் கருத்தன்று, அளந்து பார்த்த கருத்து. முதலாம் பாகத்தில் திருக்கை இரண்டு வினாடிக்கு ஒரு தடவை சிறகை அடிக்கும். இரண்டாம் பாகத்தில் மூன்றரை வினாடி. சிறகின் ஓரம், நடுப்பகுதி எழுந்த பிறகு, கொஞ்சம் பிந்தித்தான் எழும். பாரம் கூடின பாதை அலையில் ஏறும்போது அதன் பின்பக்கம் அப்படித்தான் பிந்தும். படத்தைக் கீறி வரைந்தவர்கள் பாரத்தைக் கீறவில்லை. பாரம் செய்கிற வேலையைக் கீறியிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்த சந்தோசத்தில் அவர் முதல் தடவை தியேட்டரில் பக்கத்துக் கதிரைக்காரரின் முழங்கையைப் பிடித்துவிட்டார்.

இரண்டாம் தடவை அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். அக்கா அறுபத்துமூன்று வயதில் முதன்முதலாகத் தியேட்டருக்குள் போனது அன்றுதான். திருக்கை ஐந்தாவது தடவை சிறகடித்தபோது அக்கா தூங்கிப்போனார்; விளக்குப் போட்ட பிறகுதான் விழித்தார்.

“ஏசியெண்டு சொல்லிக் குளிருக்க கொண்டுபோய் இருத்தினா நான் என்ன செய்யிற? நாலு மணிக்கு எழும்பினவள்” என்றார்.

அக்கா நாற்பத்தேழு வருடமாக நாலு மணிக்கு எழும்புகிறார். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் தாயும் தகப்பனும் ஒரே இரவில் போனார்கள். அக்காவுக்குப் பதினாறு வயது; கீழே நாலு தம்பிமார். மூத்தவன் அருமைநாயகத்துக்கு ஐந்து, கடைசித் தம்பிக்குப் பத்து மாதம். நாலு பேரும் வளர்ந்து, மூன்று பேர் கலியாணம் கட்டி, அவர்களுக்கும் பேரப்பிள்ளை வந்துவிட்டது. இன்னும் அதே தெருவில் நாலு வீட்டுக்கும் காலையில் அக்காவின் பிட்டு போகிறது. கலியாணம் கட்டாத அருமைநாயகம் அக்கா வீட்டிலேயே இருக்கிறார். ஐம்பத்திரண்டு வயதில் அவருடைய சட்டையை அக்காதான் தோய்க்கிறார். இதையெல்லாம் அவர் ஒருநாளும் யோசித்ததில்லை, அந்தத் திருக்கையைப் பார்க்கும்வரை.

அதனால்தான் முடிவைச் சொல்லவேண்டி இருந்தது. அதனால்தான் சொல்ல முடியாமலும் இருந்தது.

இந்த நிலையில்தான் பாதையில் ஏறினார் ஜொய்சன். முழுக்கைச் சட்டை, கக்கத்தில் கடதாசிக் கோவை, தலையில் கழற்றாத தலைக்கவசம். எஞ்சினருகே அருமைநாயகம் உதவியாளர் நிலோஜனுக்குச் சிறகடிப்பை விளங்கப்படுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டார். கேட்டதும் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

“அண்ணன், நீங்க அந்தப் படத்தைப் பார்த்தீங்களா? உண்மையாவே?”

“மூணு தரம்.”

“ஒண்டு காணும், அதுவே போதும்” என்றார் ஜொய்சன். கண் கலங்கியதுபோல் இருந்தது.

அவர் வாவிக்கரைத் திரைரசனை மேம்பாட்டுப் பேரவையின் செயலாளர். பேரவை எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது நன்றாக இயங்குகிறது. நகரில் பதினெட்டு வருடமாக, வருடத்துக்கு ஒரு படத்தைத் தெரிவுசெய்து கருத்தரங்கு வைக்கும். படத்தைத் திரையிடுவது அதன் வேலையில்லை. பார்ப்பதும் இல்லை. ஆனால் பேரவையின் சட்டதிட்டமான யாப்பின் பதினான்காம் பிரிவு இப்படிச் சொல்கிறது: ‘உரையாற்றுவோருள் குறித்த படத்தைப் பார்த்தவர் ஒருவரேனும் இருத்தல் விரும்பத்தக்கது.’ பதினேழு வருடம் அது விரும்பத்தக்கதாகவே இருந்தது. இந்த வருடப் பொதுக்கூட்டத்தில் ஒரு புதிய உறுப்பினர் எழுந்து, “இதை விரும்பவேண்டியவர் யார்?” என்று கேட்டுவிட்டார். அவர் இப்போது உறுப்பினர் இல்லை. கேள்வி மட்டும் கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டது.

“ரெண்டு நிமிசம் மேடையில கதைக்கணும். மைக் இரிக்கி” என்றார் ஜொய்சன்.

அருமைநாயகத்துக்கு ஒரு யோசனை ஓடியது. வீட்டில் நின்று சொல்வதால்தான் தொண்டை அடைக்கிறதோ? தாளில் எழுதி, மேடையில், ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றால் தொண்டை மரியாதையாக நடந்துகொள்ளும். அக்காவும் சபையில் இருந்து முடிவைக் கேட்கலாம்.

“என்ட அக்காவும் வரலாமா தம்பி?”

“சபையில ஆக்கள் இருந்தா பேரவைக்குச் சந்தோசம்தான்.”

படிவம் ஏழு மறுநாளே வந்தது. ‘கருத்துச் சொல்வதில் முன்னனுபவம் (வருடங்களில்)’ என்ற இடத்தில் அவர் கோடு போட்டார். ‘கருத்து மாறினால் அறிவிக்கப்பட வேண்டியவர்’ என்ற இடத்தில் அன்னப்பூரணி என்று எழுதினார். பின்னால் ஒற்றைக் கோட்டுத் தாளில் இரண்டு பக்கம் தன் கருத்தை எழுதி இணைத்தார். சிறகடிப்பு ஒரு பக்கம். முடிவு ஒரு பக்கம். எழுதும்போதும் அந்த இடத்தில் பேனை நின்றது.

அதன்பின் கருத்துச் சீராக்கல் உபகுழுவிடமிருந்து அழைப்பு வந்தது.

உபகுழுவில் மூவர்: பேரவைத் தலைவர் ரசனைச் செம்மல் தில்லைவாசகம், செயலாளர் ஜொய்சன், எழுதிக்கொண்டே இருந்த ஒரு பெண்மணி. அருமைநாயகம் உள்ளே வந்ததும் மூவரும் எழுந்து நின்றார்கள். அவருக்காக யாரும் எழுந்து நின்றது அதுவே முதல் தடவை. தேத்தண்ணியும் கேக்கும் தந்தார்கள். விசிறியை அவர் பக்கம் திருப்பினார்கள். கருத்தை மாற்றும் பொறியில் இவையெல்லாம் முக்கியமான பாகங்கள்.

“‘அழுதேன்’ எண்டு எழுதியிருக்கிறீங்க” என்றார் தலைவர்.

“ஓம் ஐயா.”

“வயசு?”

“அம்பத்திரண்டு.”

“கார்ட்டூனுக்கு.”

“ஓம் ஐயா.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவரும் சேர்ந்து சிரித்துத் தப்பியிருப்பார். மூவரும் நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரித் தலையாட்டினார்கள். பெண்மணி எழுதுவதைக்கூட நிறுத்தினார். அருமைநாயகத்தின் காது சுட்டது.

“தம்பி, இது வெளியில வந்தா ஆருக்குக் கெட்ட பேர்? எங்களுக்கில்ல. பேரவை உங்களப் பாதுகாக்குது” என்றார் தலைவர். “அடுத்தது, ரெண்டாம் பாகம் முதலாம் பாகத்தை விட நல்லம் எண்டு எழுதியிருக்கிறீங்க. அதில ஒரு சின்னச் சட்டச் சிக்கல் இரிக்கி.”

சிக்கல் இதுதான். மூன்று வருடத்துக்கு முன் முதலாம் பாகத்தைப் பற்றிய கருத்தரங்கில் ‘இப்படம் போதுமானது’ என்று பேரவை தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. போதுமானது என்று தீர்மானித்த பிறகு அதைவிட நல்லது ஒன்று வந்தால் தீர்மானம் பிழையாகிவிடும். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஏகமனதானது பிழையாக முடியாது. ஆகவே இரண்டாம் பாகம் நல்லதாக இருக்க முடியாது. இந்தத் தர்க்கத்தில் எந்தப் பல்லும் எந்தப் பல்லோடும் முட்டவில்லை. நன்றாக எண்ணெய் போட்ட கியர்ப் பெட்டிபோல் சுற்றியது. அருமைநாயகம் தன்னை மறந்து ரசித்துவிட்டார்.

“அப்ப நான் என்ன ஐயா சொல்லுற?”

ஜொய்சன் தட்டச்சு செய்த தாளை நீட்டினார். அது ஏற்கனவே ஆயத்தமாக இருந்தது.

‘இப்படம் சிறுவர் உலகுக்கு உரியது. தொழினுட்பம் சிறப்பு. கருத்தாழம் போதாது. முதலாம் பாகத்தின் தரத்தை எட்டவில்லை. எனினும் இது குறித்துச் சிந்திக்கத் தூண்டிய பேரவைக்கும் அதன் தலைவர் ரசனைச் செம்மல் அவர்களுக்கும் என்றென்றும் நன்றியுடையேன்.’

கீழே புள்ளிக் கோடு. அருமைநாயகம் கையெழுத்துப் போட்டார். எவரும் வற்புறுத்தவில்லை. கேக் நன்றாக இருந்தது, கோப்பை காலியானதும் இன்னொரு தேத்தண்ணி ஊற்றினார்கள், கார்ட்டூனுக்கு அழுத மனிதனை அவர்கள் யாருக்கும் காட்டிக்கொடுக்கப்போவதில்லை. போட்டுவிட்டார்.

கருத்தரங்கு ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்று அழைப்பிதழ் சொன்னது. முப்பத்தொரு நிகழ்ச்சி; ‘படம் பார்த்தவர் கருத்து’ இருபத்தொன்பதாவது. முப்பது நன்றியுரை, முப்பத்தொன்று சாப்பாடு. அக்கா எட்டரைக்கே மூன்றாம் வரிசையில் இருந்துவிட்டார். மடியில் அவருடைய கறுப்புத் தோல்பை. அந்தப் பையை எவரிடமும் கொடுக்கமாட்டார். பஸ்ஸில் இருக்கை கிடைத்தவர்கள் “தாங்க, வச்சிருக்கன்” என்று கேட்டாலும் கொடுக்கமாட்டார்.

பிரதம அதிதி பதினொன்று இருபதுக்கு வந்தார். மங்கள விளக்குக்கு ஐந்து திரி. ஏற்றவேண்டியவர்கள் பதினேழு பேர். இதை ஜொய்சன் தீர்த்த விதத்தை அருமைநாயகம் கண்ணெடுக்காமல் பார்த்தார்: ஐந்தாமவர் ஏற்றி முடித்ததும் ஒருவர் குனிந்து வணங்குவதுபோல் ஐந்து திரியையும் அணைத்தார், ஆறாமவர் முதல் திரியை மறுபடி ஏற்றினார். சுற்று மூன்றரைத் தடவை போயிற்று. கடைசியில் இரண்டு திரி மட்டும் எரிந்தது. அவை கடைசியாக வந்த தலைவரும் பிரதம அதிதியும் ஏற்றியவை.

பொன்னாடை இன்னும் சிறப்பு. கௌரவிக்கப்படுவோர் இருபத்துமூன்று பேர், பொன்னாடை ஏழு. போர்த்தப்பட்டவர் மேடையின் வலப்புறம் இறங்கியதும் ஒரு கை அதை எடுக்கும். திரைக்குப் பின்னால் மடிபடும். இடப்புறத்தால் மீண்டும் மேடைக்கு வரும். எஞ்சினைச் சுற்றிக் குளிர்நீர் ஓடுவதும் இப்படித்தான். நீர் கொஞ்சம்தான், நிற்காமல் சுற்றுவதால் காணும்.

படத்தின் முன்னோட்டத்தைக் காட்டுவதாகவும் நிரலில் இருந்தது. ஆனால் திரையை மறைத்துப் பேரவை உறுப்பினர்களின் பத்தொன்பது படங்கள் அச்சிட்ட பதாகை கட்டப்பட்டிருந்தது. அதை அவிழ்ப்பதென்றால் பொதுச்சபைத் தீர்மானம் வேண்டும். முன்னோட்டம் அடுத்த வருடத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

பிரதம அதிதி பேசினார். “நான் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை. இதைப் பெருமையோடு சொல்கிறேன். பார்த்தவன் ஒரு படத்தைப் பற்றித்தான் பேசலாம். பார்க்காதவன் எந்தப் படத்தைப் பற்றியும் பேசலாம்.” கைதட்டல் எழுந்தது. எந்தப் படத்தைப் பற்றியும் நாற்பது நிமிடம் பேசினார்.

அடுத்து ஆய்வுரை. ஆய்வாளருக்குப் படத்தின் பெயரை மட்டும் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். அவர் திருக்கை மீனைக் காயவைப்பது, வறுப்பது, பால்சொதி வைப்பது ஆகியவற்றை வாகரை தொட்டுத் தெற்கே வரை ஊர் ஊராக விளக்கினார்.

“இவர் ஒருத்தர்தான் விசயத்தோட கதைக்கிறார்” என்றார் அக்கா பக்கத்துப் பெண்ணிடம்.

தலைவர் தில்லைவாசகம் தலைமையுரையை மூன்று தடவையாகப் பிரித்து ஆற்றினார். மூன்றாவது பகுதியில் சொன்னார்: “ரசிகன் என்பவன் யார்? தனக்கு என்ன பிடித்தது என்பதை நம்மிடம் கேட்டுத் தெரிந்துகொள்பவன். அவன் இல்லாவிட்டால் நாம் இல்லை. நாம் இல்லாவிட்டால் அவன் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவான். அந்த ஆபத்திலிருந்துதான் பதினெட்டு வருடமாக அவனைக் காத்து வருகிறோம்.”

இருபத்தொன்பதாம் நிகழ்ச்சி வந்தபோது மணி ஒன்று ஐம்பது. சாப்பாட்டுப் பொதிகள் பின்கதவால் வந்துகொண்டிருந்தன; கோழிக்கறி மணத்தது; பின்வரிசை எழுந்துவிட்டது. “அண்ணன், ஒரு நிமிசத்துக்குள்ள” என்றார் ஜொய்சன்.

அருமைநாயகம் ஒலிவாங்கியின் முன் நின்றார். சட்டைப்பையில் இரண்டு தாள்: ஒன்று தட்டச்சு, ஒன்று அவர் எழுதியதன் பிரதி. மூன்றாம் வரிசையில் அக்கா முன்னுக்குச் சாய்ந்து, கை இரண்டையும் பையின்மேல் வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு வரப்போகிறது.

அவர் தட்டச்சுத் தாளை எடுத்து வாசித்தார்.

முப்பத்துநான்கு வினாடி. தொண்டை அடைக்கவில்லை. ஒரு இடத்திலும் தடங்கவில்லை. புது எஞ்சின்போல் ஓடியது. ‘கருத்தாழம் போதாது’ என்ற இடத்தில் குரல் கணீரென்றுகூட இருந்தது. அவருக்கு அது தன் குரல்தான் என்று விளங்க ஒரு கணம் எடுத்தது.

சபையில் ஏழெட்டுப் பேர் கைதட்டினார்கள். எல்லோரிலும் உரத்துத் தட்டியவர் அக்கா. அவர் எழுந்து நின்று தட்டினார். “என்ட தம்பி. நான் வளர்த்தவன்” என்று பக்கத்துப் பெண்ணுக்குச் சொன்னது மேடைவரை கேட்டது.

தலைவர் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். அது நாலு தோளின் வியர்வையோடு ஈரமாக இருந்தது. வலப்புறம் இறங்கியதும் ஒரு கை அதை எடுத்துக்கொண்டது.

ஊர் திரும்பும் பஸ் தேற்றாத்தீவைத் தாண்டியது. மண்டபத்துச் சாப்பாடு மேடையில் இருந்தவர்களோடு முடிந்துவிட்டது. அக்கா பையைத் திறந்து, வாழையிலையில் சுற்றிய பிட்டை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

“தின். கூட்டமெண்டா பிந்தும் எண்டு எனக்குத் தெரியும்.”

அவர் தின்றார். தொண்டையில் இறங்கியது, அது இப்போது எல்லாவற்றையும் இறக்கியது. வெட்கத்தில் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே தின்றார்.

“தம்பி.”

“சொல்லுங்க.”

“கருத்தாழம் போதாதெண்டா என்னை என்னத்துக்குடா கூட்டிக்கொண்டு போன?”

அவர் வாழையிலையை மடித்தார்.

“மூணு தரம் பார்த்தவன். சரியில்லாத படத்தை மூணு தரம் பார்க்கிற ஆளாடா நீ? ஒருதரம் பழுதான மீனை வாங்கினா, அந்தக் கடைப் பக்கம் ஒரு வருசம் போகமாட்டாய்.”

“அது அவங்க எழுதித் தந்த அக்கா.”

“வாய் உன்ட வாய்தானே.”

குருமன்வெளித் துறையில் பாதை காத்து நின்றது. அன்று எஞ்சினில் நிலோஜன். மூன்று மோட்டார் சைக்கிளும் ஒரு கோழிக்கூடும் ஏறின. இருவரும் ஓரப் பலகையில் இருந்தார்கள். பாதை கரையை விட்டு விலகியது.

“அந்த மைக்கில முடிவையும் சொல்லல்ல நீ” என்றார் அக்கா. “கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டு இருந்தன்.”

அருமைநாயகம் கைப்பேசியை எடுக்கவில்லை. சட்டைப்பையில் இருந்த தாளையும் எடுக்கவில்லை. சொல்லத் தொடங்கினார். திருக்கை தாழ்ந்து தாழ்ந்து பறக்கிறது. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும், ஒருவரும் கதைப்பதில்லை. ஒருநாள் ஒரு பெண்பிள்ளை அதன் முதுகில் காதை வைத்துக் கேட்கிறாள். நூறு வருடத்தில் முதல் தடவையாகத் திருக்கை கதைக்கிறது.

“‘இறக்கி…’” என்றார். அடைத்தது.

அக்கா பார்த்தார். “அழுறியாடா?”

“ஓம்.”

“கார்ட்டூனுக்கா?”

“இல்ல.”

அக்கா வாவியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். “சரி, அழு. எனக்கொரு அவசரமுமில்ல.”

அவர் அழுதார். மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் மரியாதையாகத் தன் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். பாதை நடுவாவிக்கு வந்தது. அப்போது தொண்டை, யாரும் ஒன்றும் செய்யாமலே, திறந்துகொண்டது.

“‘இறக்கி வைக்கட்டுமா?’ எண்டு கேட்குது அக்கா. ஊரே தலையக் குனிஞ்சுகொண்டு நிக்குது. மறுகா அந்தப் புள்ள சொல்லுறாள், ‘இறக்கி வை. எங்களுக்கு நடக்கத் தெரியும். எப்பவோ தெரியும். சொல்லத்தான் வெக்கமா இருந்த.’ அது ஊரைக் கொண்டுவந்து தண்ணிக் கரையில மெல்லமா வைக்குது.”

“மறுகா?”

“மறுகா வெறும் முதுகோட மேல போய் ஒரு குட்டிக்கரணம் அடிக்குது.”

“என்னத்துக்கு?”

“சும்மா.”

“சும்மாவா?”

“ஓம் அக்கா. சும்மா.”

அக்கா பையின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். மண்டூர்க் கரையில் ஆட்கள் நின்றது தெரியத் தொடங்கியது.

“நாளைக்கு ஒரு வீட்டுக்கும் பிட்டு வராதெண்டு தம்பிமாருக்கு நீ சொல்லுறியா, நான் சொல்லவா?” என்றார்.

“நான் சொல்லுறன்.”

“இதைப் பிடி” என்று அக்கா கறுப்புப் பையை அவர் மடியில் வைத்தார். பிறகு இரண்டு கையையும் விரித்துப் பார்த்துவிட்டு, வைக்க இடம் தெரியாமல், பலகையில் ஊன்றிக்கொண்டார்.

தொண்டைப் பிரச்சினைக்கான தீர்வு இது. நாற்பத்தோராவது வினாடியில் அடைக்கும்போது பேச்சைத் தள்ளக் கூடாது; நிறுத்திவிட்டு அழ வேண்டும். அதற்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே பிடிக்கும். பிறகு தொண்டை தானாகத் திறக்கும், மிச்சத்தைச் சொல்லலாம். எல்லாமாக மூன்று நிமிடம் வேண்டும். அதுவரை கேட்பவர் காத்திருக்க வேண்டும்.